மழைக்குள்ளை வேர்த்த நாள்

எங்கடை வீட்டிலை கந்தசட்டி விரதம் என்ரை மனுசிக்கு மட்டும்தான். ஐஞ்சு நாளும் பின்னேரத்திலை ஒரு தம்ளர் பாலும் பழமும், ஆறாம் நாள் வெறுந்தண்ணி. கலியாணம் கட்டின வருசத்திலை பிடிச்சது, ஒருக்காலும் விட்டதில்லை. "முருகனோடை உமக்கு என்ன கோவம்? அந்தாளை ஏன் இப்பிடி வெருட்டுறீர்?" எண்டு நான் பகிடி பண்ணுவன். சிரிப்பா. ஆனா சாப்பிடமாட்டா.

நாலு வருசத்துக்கு முந்தி, ஆறாம் நாள் மத்தியானம், தாடை உளையுது எண்டா. பிறகு இரண்டு தோளுக்கும் நடுவிலை முதுகு நோகுது எண்டா. வயித்தைப் பிரட்டிச் சத்தி வாற மாதிரியும் கிடக்காம். வெளியிலை ஐப்பசி மழை ஊத்துது, நான் சால்வையைப் போத்திக்கொண்டு இருக்கிறன், அவவின்ரை சட்டையெல்லாம் வேர்வையிலை தெப்பம். நெஞ்சு நோகுதோ எண்டு கேட்டன். இல்லை எண்டா. அதோடை விட்டிட்டன். வெறுவயித்துக் களை, வாய்வு எண்டு நானே முடிவு கட்டினன். பெரிய டாக்குத்தர் நான்!

"ஆசுப்பத்திரிக்குப் போவமோ?" எண்டு ஒருக்காக் கேட்டனான்தான்.

"போனால் குளிசை தருவினம், விரதம் முறிஞ்சு போம். விடியப் பாறணைச் சோறு சாப்பிட்டு விரதத்தை முடிச்சிட்டுப் போவமப்பா."

ஓம் எண்டிட்டன். இத்தனை வருச விரதத்தைக் கடைசி நாளிலை முறிக்க எனக்கும் மனம் வரேல்லை.

விடியப் பாறணைச் சோத்துக்கு உலை வைக்கப் போனவ அடுப்படியிலையே சரிஞ்சு போனா. ஆசுப்பத்திரியிலை உயிர் இல்லை எண்டிட்டினம். எப்ப தொடங்கினது எண்டு டாக்குத்தர் கேட்டார். நேற்று மத்தியானம் எண்டன். மாரடைப்பு எல்லாருக்கும் நெஞ்சு நோவோடை வாறதில்லை எண்டார். முக்கியமாப் பொம்பிளையள் சில பேருக்குத் தாடை நோ, முதுகு நோ, சத்தி, வேர்வை எண்டும் வருமாம். உடனே கொண்டு வந்திருந்தால் காப்பாத்திப் பாத்திருக்கலாமாம்.

அவவோடை கதைக்கவேணும் போலை கிடக்கும். விசேசமா ஒண்டுமில்லை, இண்டைக்கு என்ன கறி எண்டு கேக்கத்தான். பகிடி பண்ணினால் சிரிக்க வீட்டிலை ஒருத்தருமில்லை.

போன வருசக் கந்தசட்டியிலை, விரதம் பிடிச்சிருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலியடியிலை நிண்டு, "அண்ணை, தாடை ஒருமாதிரி உளையுது" எண்டா. நெத்தியெல்லாம் வேர்வை. நான் ஓடிப்போய் ஆட்டோவை மறிச்சன். விரதம் முறிஞ்சிடும் எண்டு அவவின்ரை மனுசன் என்னோடை சண்டைக்கு வந்தான். "பாவம் எனக்கு வரட்டும், நீ ஏறு பிள்ளை" எண்டு கத்தினன். அவவுக்கும் மாரடைப்புத்தான்.

இரண்டு கிழமையாலை ரெண்டு பேரும் என்ரை கேற்றடிக்கு வந்து நன்றி சொல்லிச்சினம். எனக்குச் சந்தோசம்தான். பிறகு அவன் அவவின்ரை கையைப் பிடிச்சு ஒழுங்கையாலை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போனான். பாத்துக்கொண்டு நிண்ட எனக்கு அவனிலை பொறாமை வந்திட்டுது. அண்டைக்கு மத்தியானமே கூட்டிக்கொண்டு போயிருந்தால் என்ரை மனுசியும் இப்பிடித்தான் நடந்து வந்திருப்பா.