நான் குடிக்காத தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காக யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கதிர்ச்சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தேன். குருநகர் சந்தையில் மீன் விற்பதை நிறுத்திவிட்டு, ஐந்து வாரம் பஸ்ஸில் போய் வந்தேன்.

கதிர் கொடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் மூன்று கோப்பை தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு இருக்கவேண்டும். சிறுநீர்ப்பை, எங்கள் பேச்சில் சலப்பை, நிறைந்திருந்தால் குடல் கதிர் படாமல் விலகி நிற்குமாம். மூன்றாம் வாரம் ஒருநாள் என்னால் அடக்க முடியவில்லை. ஆண்களும் காத்திருந்த இடத்தில், வாங்கில் இருந்தபடியே சேலை நனைந்துவிட்டது.

மறுநாள் தண்ணீரை யாருக்கும் தெரியாமல் கைகழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டேன். கதிர் கொடுக்கும் பெண் கேட்டபோது, "ஓம் பிள்ளை, குடிச்சனான்" என்றேன்.

என்னைப் படுக்க வைத்துவிட்டு அவர் வெளியே போனார். இயந்திரம் முதலில் ஒரு படம் எடுக்கும். எடுத்த கையோடு கதவு திறந்தது.

"அம்மா, படத்திலை சலப்பை சின்னனாக் கிடக்கு. இப்பிடியே குடுத்தால் குடலிலையும் பட்டிடும். தண்ணி குடிக்கேல்லையோ?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஏச்சு விழும் என்றுதான் நினைத்தேன்.

"உதை முதலே சொல்லியிருக்கலாமே அம்மா. இறங்கிப் போய்க் குடியுங்கோ. கடைசியா எடுக்கிறன்."

எனக்குப் பதிலாக உள்ளே போனவர் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்யும் ஒரு பெண். அவருக்கும் இதே நோய்தான். சிகிச்சை முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடுபவர், அன்று என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"என்னக்கா நடந்தது?"

சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்குப் போன கிழமை ரெண்டு தரம் நனைஞ்சது. இஞ்சை வாற ஆருக்குத்தான் நடக்கேல்லை?"

பையிலிருந்து மடித்த துவாய் ஒன்றை எடுத்து, நனைந்தாலும் தெரியாதபடி வாங்கில் எனக்கு விரித்துவிட்டார். அவருடைய பஸ் போனது. அடுத்ததும் போனது. வாழைக்குலை வெட்டிய கதையெல்லாம் சொல்லி அந்த ஒரு மணி நேரத்தையும் கடத்திவிட்டார். அன்றைய சிகிச்சை சரியாக நடந்தது. மிச்ச நாட்களும் ஒழுங்காக முடிந்தன. இதுவரை நோய் திரும்பவில்லை.

இப்போது மீன் வாங்க வரும் பெண்களில் யாராவது தயங்கித் தயங்கி நோயைப் பற்றிக் கேட்டால், வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் இருந்துகொள்கிறேன். என்னைக் கூசவிடாத அந்த இரண்டு பெண்களுக்கும் நான் நன்றி சொல்லும் விதம் அதுதான்.