ஸ்பூனால் சாப்பிட்டவர்

செங்கம் ரோட்டில் ஒரு மாடியறையில் அவர், வருபவர்களின் நகங்களுக்கு ஜெல் பாலிஷ் போட்டுவந்தார். தங்கை கல்யாணத்துக்கு முந்தைய மதியம் நான் போனபோது, சாம்பார் சாதத்தை ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரல்நுனிகள் தோலுரிந்து வெடித்திருந்தன.

"காரம் பட்டா எரியுதுங்க" என்றார், நான் கேட்காமலே.

நகத்தைத் தாண்டி வழியும் ஜெல்லைத் தன் விரலாலேயே வழித்தெடுப்பது அவர் பழக்கம். வந்தவர் தோலில் பட்டுவிடக் கூடாதாம்.

"இது ஒரிஜினலா?" என்று ஜெல் பாட்டிலைக் காட்டிக் கேட்டேன்.

"இல்லீங்க, டூப்ளிகேட். இதாலதான் கை இப்படி ஆச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரிஜினலும் வெச்சிருக்கேன், ரேட்டு ஜாஸ்தி. யாரும் கேக்க மாட்டேன்றாங்க."

"எனக்கு ஒண்ணும் ஆகாதே?"

"உங்களுக்கு இன்னிக்கி ஒரு நாள்தானேங்க. தோல்ல படாம நான் பாத்துக்கறேன்."

ஒரிஜினலின் ரேட்டைக் கேட்டேன். அவர் சொன்னதும், டூப்ளிகேட்டே போதும் என்றேன். அவர் முகம் மாறவில்லை. வெடித்த விரல்களால் என் விரலைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திறந்தார்.

மறுநாள் பந்தியில் ரசம் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டேன். எனக்கு எதுவும் எரியவில்லை.