மீசைப் பந்தயம்

தம்பானூர் டீக்கடையில் நானும் செல்லப்பாவும் காலைதோறும் அரசியல் பேசிச் சிரிப்போம். அவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, நான் வக்கீல். கட்சிதான் வேறு. சென்ற தேர்தலில், தோற்ற கட்சிக்காரர் பாதி மீசையை எடுப்பது என்று, இந்த ஊர் வழக்கப்படி பந்தயம் கட்டினோம்.

என் கட்சி தோற்றது.

“வக்கீலே, பார்பர் ஷாப் தொறந்தாச்சு!” என்றார் செல்லப்பா.

“பந்தயம் சட்டப்படி செல்லாதுவே” என்றேன். கடையே சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. “உம்மைப் போல மடையனுவ ஓட்டுப் போட்டா இப்படித்தான்!” என்று கத்திவிட்டு எழுந்து போனேன். வீட்டுக்கு வந்ததும், வீம்பால் ஒரு நண்பரை இழந்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் தயங்கியபடியே போனேன். செல்லப்பா பாதி மீசையோடு உட்கார்ந்திருந்தார்.

“ஜெயிச்சவரு நீரு. நீரு ஏன்வே எடுத்தீரு?”

“உம்மைச் சட்டம் காப்பாத்திட்டுல்லா? பந்தயத்தை யாராவது காப்பாத்த வேண்டாமா?”

மன்னிப்புக் கேட்டேன். நேராக பார்பர் ஷாப்புக்குப் போய், என் மீசையில் பாதியை எடுத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்து, “ரெண்டு கட்சிக்கும் சேர்த்து ஒரு மீசை!” என்றார்.

மீசை வளர்ந்துவிட்டது. வாக்குவாதமும் தொடர்கிறது. கோபம் தலைக்கேறும்போது மட்டும் மேலுதட்டைத் தடவிக்கொள்கிறேன்.