பேர் சொல்லாத இலை

இறைவன் படைத்த பச்சிலைகளின் மீது எனக்கு எந்த வழக்கும் இல்லை. என் வழக்கெல்லாம் அவற்றை மென்று துப்பிய ஒரு வாயோடுதான். அந்த வாய்க்கு உரியவர் மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. இறந்தவரைப் பழிக்கலாகாது என்று எனக்குச் சொல்லுகிறவர்கள் உண்டு. உயிரோடிருந்தபோதே அவரை நான் பழித்தவன். இறந்தார் என்பதற்காக இப்போது நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆவடியைச் சுற்றிய வயல்களைப் பட்டாளத்தார் அளந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் எங்கள் நிலம் மட்டும் எப்படியோ தப்பிக் கிடந்தது. அதை உழும்போதுதான் கலப்பையின் கொழு துள்ளி என் அண்ணனின் கணுக்காலுக்கு மேலே கிழித்தது. புரட்டாசியில் பட்ட காயம், தை பிறந்து அறுவடை முடிந்தும் ஆறவில்லை. விளிம்பு தடித்து, நடுவில் சாம்பல் நிறத்தில் சீழ் கட்டி, அண்ணன் வந்து உட்காரும் முன்பே நாற்றம் வந்து உட்கார்ந்துவிடும். பங்குனி உற்சவத்தில் சுவாமியைத் தோளில் ஏந்துகிறவர்களில் அவர் ஒருவர். கால் போய்விட்டால் ஏரும் போயிற்று, அந்தத் தோளும் போயிற்று. அவருடைய அச்சம் முழுவதும் அதுவே, எங்களுடையதும் அதுவே.

ஐப்பசியிலிருந்து வைத்தியம் பார்த்தவர் எங்கள் பங்காளி. வயதிலும் நிலத்திலும் பெரியவர் என்பதால் ஊரே அவரை நைனா என்றது. விடியற்காலையில் ஈரத்துணியோடு ஏரிக்கரைக்குப் போவார். எதிரே யார் வந்தாலும் பேசமாட்டார். இலையை அங்கேயே வாயில் அடக்கி, மென்றபடியே எங்கள் வீட்டுக்குள் வருவார். அண்ணன் காலை நீட்டுவார். நைனா குனிந்து, புகையிலைச் சாறும் பச்சிலைச் சாறும் கலந்த அந்தக் குழம்பைப் புண்ணின் நடுவில் துப்புவார். பிறகு தம் தோள்துண்டின் ஓரத்தைக் கிழித்துக் கட்டுவார். அந்தத் துண்டால் அவர் எதையெல்லாம் துடைத்திருந்தார் என்பதை நான் எழுதப்போவதில்லை.

கட்டளைகள் இரண்டு. புண்ணில் தண்ணீர் படக்கூடாது. மூலிகையின் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் பலிக்காது.

அந்த மூலிகை குப்பைமேனி. அதை அறியாதவர் எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை. வாசல் பெருக்கும்போது பெண்கள் வேரோடு பிடுங்கி எருக்குழியில் எறிகிற செடி அது. பூனைகூட அதைக் கண்டால் உருண்டு புரளும். பூனைக்குத் தெரிந்த இரகசியத்தை ஒரு கிராமம் முழுவதும் கட்டிக்காத்தது. என் அண்ணி அதை ‘அது’ என்பாள். அண்ணனோ அதுகூடச் சொல்லாமல் ஏரிக்கரைத் திசையைப் பார்த்துக் கைகூப்புவார்.

“இன்னாடா, எரியுதா?” என்று நைனா கேட்பார்.

“எரியுது நைனா.”

“எரிஞ்சா வேல செய்துன்னு அர்த்தம்.”

சில வாரம் சென்று மறுபடியும் கேட்டார்: “இன்னாடா, எரியுதா?”

“இல்ல நைனா. மரத்துப்பூட்ச்சி.”

“பாத்தியா? குளுமை எறங்கிட்ச்சி.”

எரிந்தாலும் வெற்றி, மரத்தாலும் வெற்றி. இப்படிப்பட்ட மருத்துவத்தில் தோற்க நோயாளி ஒருவனால்தான் முடியும்.

மார்கழி முழுவதும் விடியலில் நான் பதிகம் ஓதுகிறவன். ஒருநாள் ஓதி முடித்து எழுந்தபோது, நாற்றம் தாங்காமல், “புண்ணைக் கழுவினால் என்ன?” என்று அவரிடமே கேட்டேன். அவர் சிரித்தார்.

“ஒடம்பே ஒரு நாத்தச் சாக்கு தானேடா. நீ டெய்லி பாடுற பாட்டுலியே அத்தானே கீது? பாடத் தெரியுது, அர்த்தம் தெரியலியே ஒனக்கு!”

கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நான் இன்றும் மன்னிக்கவில்லை. உடம்பை இழிவென்று பாடிய அடியார்கள் தங்கள் உடம்பைத்தான் பாடினார்கள். அதையும் நீராடி, நீறு பூசி, சந்நிதியில் நின்று பாடினார்கள். பக்கத்து வீட்டுக்காரன் காலை அழுகவிடலாம் என்று எந்தத் திருப்பாட்டின் எந்த அடியும் உத்தரவு கொடுக்கவில்லை. திருமுறையைத் தம் சோம்பலுக்குச் சாட்சியாக அழைக்கிறவர்களைவிட, ஒன்றையும் ஓதாத நாத்திகன் எனக்கு மேலானவனாகத் தோன்றுகிறான்.

மாசியில் புண்ணின் ஓரம் கறுத்தது. அண்ணி அதுவரை நைனாவுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தவள். அன்று வண்டியைப் பூட்டச் சொன்னாள். “இந்தாங்க, கால் இருந்தாத்தானே நைனாகிட்ட நீட்ட முடியும்? ஏறுங்க வண்டியில” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, என்னையும் கூட வரச் சொன்னாள். பட்டாள லாரிகள் எதிரே வரும்போதெல்லாம் ஒதுங்கி நின்று, புழுதியைத் தின்று, பூந்தமல்லி வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டர் இளைஞர். எங்களைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை. நைனாவைப் பழித்தேன் என்பதற்காக இவரை நேசித்தேன் என்று சொல்ல மாட்டேன். கட்டை அவிழ்த்து, மூக்கைத் திருப்பிக்கொண்டு, ஒரு கருவியால் கறுப்பைக் குத்திப் பார்த்தார்.

“இது இன்னும் மேலே ஏறினா காலை எடுக்கணும். பட்டணத்துக்கு எழுதித் தர்றேன். இதுவரைக்கும் என்ன போட்டீங்க?”

அண்ணன் கூரையைப் பார்த்தார்.

“மருந்துங்க” என்றாள் அண்ணி.

“என்ன மருந்து?”

“பச்சைங்க.”

“பச்சைன்னா? அதுக்கு ஒரு பேர் இருக்கும் இல்லே?”

“அத்தச் சொல்லக் கூடாதுங்க.”

“எப்போ சொல்லுவீங்க? காலை வெட்டறதுக்கு முன்னாடியா, அப்புறமா?”

கணவன் காலுக்காக வண்டி பூட்டத் துணிந்தவளுக்கு ஒரு களையின் பேரைச் சொல்லத் துணிவில்லை.

“குப்பைமேனி. புகையிலை போட்ட வாயால் மென்று துப்பினார்கள். ஐப்பசியிலிருந்து புண்ணில் தண்ணீர் படவில்லை” என்றேன் நான்.

அண்ணன் அலறினார். டாக்டர் கறுப்பைக் குத்தியபோது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர், ஒரு செடியின் பேரைக் கேட்டு அழுதார். “பாவி! கெட்த்துட்டியேடா! இத்தினி மாசம் காப்பாத்தி வெச்சிருந்தேனே! கால் போச்சின்னா ஒன் நாக்குதான்டா காரணம்!”

டாக்டர் இலையைத் திட்டவில்லை. அதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவும் தெரியாது. “மாடு திங்காத தழையெல்லாம் மருந்தா?” என்று பொதுவாக ஒரு ஏளனம் செய்தார். பிறகு அழுகலை வெட்டி எடுத்து, ஊதா நிற மருந்து நீரால் கழுவி, அதையே ஒரு புட்டியில் கொடுத்தார். கொதிக்க வைத்து ஆறிய நீரில் தினமும் கழுவ வேண்டும், கொதிநீரில் அலசி வெயிலில் காய்ந்த துணியால் கட்ட வேண்டும், யாருடைய வாயும் கிட்டே வரக்கூடாது என்றார். கறுப்பு ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுப் பட்டணம் போவதை முடிவு செய்யலாம் என்றார். திரும்பும்போது குமணன்சாவடியில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினோம். அங்கேயும் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் நைனா வரவில்லை. “அவன் பேர் சொல்லிட்டானாமே. இனிமே அது வெறுந் தழை. எம்மேல பழி போடாதீங்க” என்று ஆள்மூலம் சொல்லியனுப்பினார். அன்றோடு அந்த வாய் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. குப்பைமேனியின் பேருக்கு ஒரு சக்தி உண்டு என்று நான் ஒப்புக்கொள்வது இந்த ஒரு வகையில்தான்.

அண்ணியும் நானும் கழுவினோம். அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, செத்த மருந்துக்குத் துக்கம் காத்தார். கறுப்பு ஏறவில்லை. பங்குனியில் சுவாமி வேறொருவர் தோளில் போனபோது, வீட்டுக்குள்ளிருந்தே மேளம் கேட்டு விம்மினார். சித்திரையில் சீழ் வற்றிச் சிவந்த சதை தெரிந்தது. அப்போது அண்ணி யாரிடமும் கேட்காமல் குப்பைமேனியைப் பறித்து, நன்றாக அலசி, இடித்துச் சாறு பிழிந்து, தேங்காய் எண்ணெயில் காய்ச்சினாள். ‘அது’ என்று சொல்வதை மட்டும் அப்போதும் விடவில்லை. அந்த எண்ணெய் ஆற்றியதா, ஊதா நீர் ஆற்றியதா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. எச்சில் நின்றதும் தண்ணீர் பட்டதும் பாதி வைத்தியம் என்பது மட்டும் தெரியும்.

ஆடியில் ஏர் பூட்டுவதற்கு முன் அண்ணன் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி வைத்துக்கொண்டு புறப்பட்டார். எங்கே என்று அண்ணி கேட்டாள். “நைனா ஊட்டுக்கு” என்றார். சொந்தக் காலால் நடந்தே போனார். என்னையும் உடன் வரச் சொன்னார்; பேர் சொன்ன குற்றத்துக்கு நானும் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். நான் கேட்கவில்லை. போனேன், அவ்வளவுதான்.

நைனா குனிந்து அந்தத் தழும்பைப் பார்த்தார். தடவிக்கூடப் பார்த்தார்.

“பேர் சொல்லிக் கெட்த்த பொறவும் ஆறியிருக்குதுன்னா, என் கைராசி எப்டிப்பட்டதுன்னு பாத்துக்கோடா!” என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

“ஆமா நைனா” என்று அண்ணன் கண்கலங்கி, இரண்டு முழங்காலையும் மடக்கி அவர் காலில் விழுந்தார். மடக்குவதற்கு இரண்டு இருந்தன. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் அங்கே பேசாமல் நின்றேன்.