சாரலில் கட்டிய நார்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரெல்லாம் சந்தோஷப்படும். வடகரைப் பக்கம் இருந்த தேங்காய் நார் மில்லில் மட்டும் முகங்கள் தொங்கிப் போகும். களத்தில் விரித்த நார் காயாது. அங்கே அம்மாதான் பெண்களுக்கு மேஸ்திரி. நாரைக் கையில் முறுக்கிப் பார்த்து அவள் தலையசைத்த பிறகே மிஷினில் அமுக்கிக் கட்டுப் போடுவார்கள். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், அன்றைக்கு வேறு வேலை. முதலாளி ஒன்றும் சொல்லமாட்டார்.

முதலாளி காலமானதும் அவருடைய மருமகன் வந்தார். பெங்களூரில் படித்தவர். நல்ல மனிதர், அதுதான் வம்பாகிப் போனது. அம்மாவுக்கு ஒரு புதுப் போன் கொடுத்தார். தினமும் சாயங்காலம் எத்தனை கட்டு என்று அதில் போடவேண்டும். இலக்கைத் தொட்டால் பச்சை, தொடாவிட்டால் சிவப்பு. நார் காயவில்லை என்று சொல்ல அதில் இடமே கிடையாது. சிவப்பே வந்துகொண்டிருந்தால் ஆட்களைக் குறைப்பார்கள் என்று பேச்சு அடிபட்டது.

அந்த வருஷம் சாரல் விடவே இல்லை. நாள் தவறாமல் சிவப்பு.

"சார்ட்ட போயி சொல்லுங்கக்கா, எங்க வேலை போயிரும் போலுக்கே" என்றார்கள் பெண்கள். அம்மா போனாள். அவள் நார் பேச்சை எடுக்குமுன்பே அவர் அவளை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "உங்களால முடியும்மா" என்று உற்சாகப்படுத்தி அனுப்பிவிட்டார்.

மறுநாள் அம்மா ஈர நாரையே கட்டச் சொன்னாள். பச்சை வந்தது. மாதக் கடைசியில் மேடை போட்டு அவளுக்கு ஒரு பிரஷர் குக்கர் பரிசளித்தார்கள். வாங்கும்போது அம்மா அழுதாள். சந்தோஷம் தாங்கவில்லை போலும் என்று நினைத்து, அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான் கூட்டத்தில் நின்று கை வலிக்கத் தட்டினேன்.

தூத்துக்குடிக்குப் போன கட்டுகள் பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தன. வாங்குபவர்கள் விலகினார்கள், மில் மூடியது. தெருவில் பெண்கள் அம்மாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தப்பு சார் மேல்தானே என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஏட்டி, அவரு சாரலக் கண்டாரா, நாரக் கண்டாரா? எல்லாங் கண்ட நாந்தான கட்டச் சொன்னேன்."

அவருக்குப் பரிந்து பேசுகிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவ்வளவுதான் அன்று புரிந்தது.

இப்போது தென்காசியில் ஓர் அலுவலகத்தில் எனக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள். கேட்டதெல்லாம் நேரத்துக்கு முடிகிறது. கஷ்டம் ஏதும் உண்டா என்று கேட்டால், "ஒண்ணுமில்ல மேடம்" என்கிறார்கள். அந்தப் பதிலைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது.