அன்றன்றே கழுவ வேண்டிய எண்ணெய்

என் அக்காவின் கணவருக்குப் பட்டறையில் வைத்த பெயர் அமுக்குணி. இருபது வருடமாகப் பிரஸ் மெஷினில் தகட்டை அமுக்கிக் கிண்ணம் எடுக்கிறவர், வாயையும் அப்படியே அமுக்கி வைத்திருப்பார். பல்வலி என்றால் கன்னம் வீங்கிய பிறகுதான் அக்காவுக்கே தெரியும்.

தகடு கிழியாமல் அச்சுக்குள் இறங்க எண்ணெய் தடவ வேண்டும். டிரம்மில் வரும் கறுப்பு எண்ணெய் அத்தானின் கைகளைத் தின்றுவிட்டது. விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். கையுறை போட்டாலும் எண்ணெய் உள்ளே இறங்கி ஊறும். "இன்னும் ஒரு வருஷம் இதத் தொட்டீங்கன்னா கைய மடக்க முடியாது" என்றார் டாக்டர். அத்தானுக்கு வேறு வேலை தெரியாது.

ஆமணக்கெண்ணெயில் சூரியகாந்தி எண்ணெயைக் கலந்து வீட்டிலேயே தகட்டுத் துண்டுகளில் தடவிப் பார்த்தார். "சமைக்கவே எண்ணெயக் காணோம், இவரு இரும்பத் தாளிக்கிறாரு" என்று அக்கா திட்டினாள். ஆனால் மெஷினில் கிண்ணம் ஒரு கீறல் இல்லாமல் வந்தது. மேனேஜர் ஒன்றுதான் கேட்டார்:

"இதனால கூடுதல் வேலை ஏதாவது வருமா?"

"ஒண்ணும் வராது சார்."

அது பொய். கிண்ணங்களை வாரக் கடைசியில் மொத்தமாகக் கழுவுவதுதான் பட்டறை வழக்கம். கறுப்பு எண்ணெய் அதுவரை அப்படியே இருக்கும். இந்த எண்ணெய் காற்றுப்பட்டால் பிசினாக இறுகிவிடும். அன்றன்றே கழுவியாக வேண்டும். சொன்னால் வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று பயந்தார். எட்டு மாதம், வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் நின்று, சோப்புத் தண்ணீரில் தானே கழுவி அடுக்கினார். "அமுக்குணி மேனேஜருக்குக் காக்கா புடிக்கிறான்" என்றது பட்டறை. பாக்கிங்கில் இருக்கும் நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த எட்டு மாதத்தில் அவர் கைகள் ஆறிவிட்டன.

பிறகு அக்காவுக்கு ஆபரேஷன், அத்தானுக்கு ஒரு வாரம் லீவு. எனக்காவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், பாவி மனுஷன்! அவர் மெஷினில் நிற்க வந்தவர் கறுப்பு எண்ணெயைத்தான் எடுப்பார் என்று நம்பினாராம். வந்தவரோ, நாற்றமில்லாத எண்ணெயை யார் விடுவார் என்று ஆறு நாளும் அதையே தடவினார். சனிக்கிழமை பார்த்தால் இரண்டாயிரம் கிண்ணங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சுரண்டிப் பிரித்ததில் எல்லாம் கீறல்.

மேனேஜர் அறையில் அத்தான் முதல்முறையாக வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். மேனேஜர் கத்தவில்லை.

"தினமும் கழுவணும், அவ்வளவுதானே? அன்னைக்கே சொல்லியிருந்தா தொட்டிய உன் மெஷின்கிட்டயே போட்டுக் குடுத்திருப்பேன். இப்ப முதலாளிகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மறுபடி கேக்கறது? பழைய டிரம்மையே தெறந்துக்கோ."

வெளியே வந்ததும் அத்தான் கேட்டார்: "மாப்ள, நெஜமாவே குடுத்திருப்பாரா?"

இல்லை, சும்மா சொல்கிறார் என்று நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆத்திரம் கண்ணை மறைத்தது. "குடுத்திருப்பாரு அத்தான்" என்றேன்.

அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. காலையில் அவருக்குச் சட்டைப் பொத்தானை அக்காதான் போட்டுவிடுகிறாள்.