ஹாஷ் அக்கா போட்ட தடை

"இரு, இரு, உனக்கு என்ன குறை?" என்று கணினித் திரையைக் கேட்கிறார் அக்கா. எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் ஓடி முடித்துப் பதினேழு எச்சரிக்கைகளைக் கொட்டியிருக்கிறது. மற்றவர்களாக இருந்தால் ஒரு வரி போட்டு அதன் வாயை அடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவர் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து, "இது நியாயம்", "இது சும்மா புலம்பல்" என்று தீர்ப்புச் சொல்லித் திருத்துகிறார். அதற்குள் தேநீர் ஆறி ஏடு கட்டிவிடுகிறது.

வயது ஐம்பத்திரண்டு. நோயாளியின் ரத்த நாளத்தில் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் பம்புக்கு நிரல் எழுதுகிறார். நான் அதே பம்புக்குப் பயனர் கையேடு எழுதுகிறவன், பக்கத்து இருக்கை. ஆறு மாடல்களுக்கும் நிரல் ஒன்றுதான். எந்த மாடலுக்கு எந்தப் பகுதியை எடுப்பது, எதை விடுவது என்று கம்பைலருக்குச் சொல்லும் நிபந்தனை வரிகள் ஹாஷ் (#) குறியில் தொடங்கும்; ஒவ்வொரு நிபந்தனையையும் 'முடிந்தது' என்று ஒரு வரி போட்டு மூட வேண்டும். அவற்றை இவரளவுக்கு அள்ளிப் போடுகிறவர் அலுவலகத்தில் இல்லை. அதனால் ஹாஷ் அக்கா. மேலாளருக்கும் அக்காதான்.

இந்தப் புத்தி வீடு வரைக்கும் போகிறது. கணவரிடம் கொடுக்கும் கடைச் சீட்டில், "மகள் வந்தால் பால் இரண்டு, வராவிட்டால் ஒன்று, முடிந்தது" என்று இருக்கும். அவர் ஒருமுறை என்னிடம் அலுத்துக்கொண்டார்: "அந்த முடிந்ததைப் போடலைன்னா நான் கடையிலயே நின்னுடுவேன்னு நெனக்கிறா."

போன வருடம் ஒன்று நடந்தது. சோதனைக்காக மேசையில் வைத்திருந்த பம்பு, குழாயில் காற்றுக்குமிழி வந்தபோதெல்லாம் அலறியது. அலறத்தான் வேண்டும், குமிழி உடம்புக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஆனால் நாள் முழுக்க அலறினால்? "அக்கா, தலை வெடிக்குது" என்று அறையே கெஞ்சியது. 'மேசைச் சோதனை என்றால் அலாரத்தை விட்டுவிடு' என்று ஒரு நிபந்தனை வைத்தார். பிறகு அதை எடுக்க மறந்தார்; வெளியே போகும் பதிப்பையும் மேசைச் சோதனை என்றே கம்பைலர் எடுத்துக்கொண்டது. நாற்பது பம்புகள் ஊமையாகவே ஒரு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு நர்ஸ் தற்செயலாகக் குமிழியைப் பார்த்துக் குழாயை மூடியதால் ஒருவர் பிழைத்தார்.

"யாரும் என்னைத் திட்டலை. நல்லா நாலு வார்த்தை திட்டியிருந்தா மறந்திருப்பேன்" என்கிறார்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தடை வரி. வெளியே போகும் பதிப்பில் அலாரம் அடைபட்டிருந்தால் கம்பைலர் அங்கேயே நின்றுவிடும். நின்று, அவர் எழுதிவைத்த கேள்வியைத் திரையில் காட்டும்: "யார் வாயை மூடியிருக்கே?"

இன்று காலை அது காட்டியது. புது மாடல் மதியத்துக்குள் கிளம்ப வேண்டும். மேலாளர் அக்காவின் மேசைக்கே வந்துவிட்டார்.

"அக்கா, இந்த மாடல்ல அலாரத்துக்குத் தனி சர்க்யூட் போர்டு. உங்க வரி சும்மா மறிக்குது. அதை மட்டும் தூக்கிடுங்க, போதும்."

"சும்மாவா மறிக்குதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

"லாரி வாசல்ல நிக்குதுக்கா."

"நிக்கட்டும். அதுக்கென்ன, கால் வலிக்கவா போகுது?"

ஒவ்வொரு கோப்பாகத் திறந்தார். முக்கால் மணி நேரம் போனது. மேலாளர் என் பேனாவை எடுத்துத் திறந்து திறந்து மூடினார். கடைசியில் அக்கா கண்ணாடியைக் கழற்றினார். புது மாடலின் கோப்பில் பழைய மேசைச் சோதனை நிபந்தனை உயிரோடு இருந்தது. தனி போர்டை அலறச் சொல்லும் வரி அதற்குள்ளேதான் அடைபட்டிருந்தது. போன வாரம் பழைய கோப்பொன்றை அப்படியே நகலெடுத்து வைத்தவரின் பெயரும் அங்கே பதிவாகியிருந்தது.

"நான்தான்" என்றார், அறை முழுக்கக் கேட்கும்படி. "மறுபடியும் நான்தான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்குக் கெஞ்சியவர்களில் நானும் ஒருவன்.

நிபந்தனையை எடுத்துவிட்டு மீண்டும் ஓட்டினார். தடை வழிவிட்டது. அதோடு விடவில்லை, புது நிரலை மேசைப் பம்பில் ஏற்றி, குழாய்க்குள் ஊசியால் கொஞ்சம் காற்றை விட்டார். பம்பு வீறிட்டது. மேலாளர் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறு கையை நிறுத்தும் பொத்தானுக்கு நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பிடித்து மேசையோடு அழுத்திக்கொண்டார்.